நல்ல தண்ணீர் கறுத்த மத்தியானம்

பாண்டிச்செல்வியின் வாய் ஏழாயிரம்பண்ணையில் பேசிக்கொண்டிருந்தது; மனசு சாத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது. வாய்க்கு ஒன்றும் கஷ்டமில்லை. எட்டு மாதமாகத் தினமும் ஐந்தாறு வீடுகளில் சொன்ன பேச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டுத்தடங்கல் இல்லாமல் வரும்.

"இந்த டம்ளர்ல இருக்கது நீங்க தெனமும் குடிக்கிற தண்ணி, மதினி. இதுல இருக்கது எங்க மிஷின்ல சுத்தம் பண்ணுன தண்ணி. பாக்கதுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?"

வீட்டுக்காரி ரோஜா தலையாட்டினாள். பட்டாசு செய்கிற வெடி ஆபீசுக்கு அன்று லீவு போட்டுவிட்டு, மிஷின்காரி வருகிறாள் என்று தரையெல்லாம் துடைத்து வைத்திருந்தாள். பாண்டிச்செல்வி பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தாள். அதன் அடியில் நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். டம்ளருக்கு இரண்டு, ஒன்று அலுமினியம், ஒன்று இரும்பு. கம்பிகளைத் தண்ணீருக்குள் இறக்கி, வயரைச் சுவரில் செருகி, ஸ்விட்சைப் போட வேண்டியதுதான். இரண்டு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பச்சையாகக் கலங்கிப் பழுப்பாகி, கடைசியில் சாக்கடைபோலக் கறுத்து நிற்கும். மிஷின் தண்ணீர் ஒன்றும் ஆகாமல் கிடக்கும். அதற்குமேல் பேச வேண்டியதே இல்லை. வீட்டுக்காரி அந்த டம்ளரைப் பார்ப்பாள், தன் பிள்ளையைப் பார்ப்பாள், பிறகு புருஷனைப் பார்ப்பாள். புருஷன்மார் அந்தப் பார்வைக்குத் தாங்கமாட்டார்கள்.

அன்றைக்கு அவள் மனசு அதில் இல்லை. முந்தாநாள் அவளுடைய அக்கா கருப்பம்மாள் வெடி காயப்போடுகிற மேடையில் மயங்கி விழுந்திருந்தாள். அக்கினி நட்சத்திர வெயில். கம்பெனி வேனிலேயே தூக்கிக்கொண்டு போய்ச் சாத்தூரில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் பாண்டிச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டார். "இடது கிட்னி வீங்கியிருக்கும்மா. ஏற்கெனவே கல் இருக்குன்னு பங்குனியிலேயே சொல்லி அனுப்புனேன், மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னேன். இவங்க குடிக்கவே இல்ல. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போச்சுன்னா அந்தக் கிட்னி மிஞ்சாது" என்றார். கருப்பம்மாள் கட்டிலில் படுத்தபடியே, குடித்தேன் குடித்தேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

அவள் ஏன் குடிக்கவில்லை என்று பாண்டிச்செல்விக்குத் தெரியும். தான் மிஷின் விற்கிற வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கம்பெனித் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வரச்சொல்லி, அக்கா கண்முன்னாலேயே இந்தப் பெட்டியைப் போட்டுக் காட்டியவள் அவள்தான். தண்ணீர் மைபோலக் கறுத்தது. முதல் மிஷின் அக்கா வீட்டுச் சுவரில்தான் ஏறியது. அன்றிலிருந்து கருப்பம்மாள் கம்பெனித் தண்ணீரைத் தொடவில்லை. வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோவாள். பத்து மணிக்கு அது தீரும். பிறகு சாயங்காலம் வேன் ஏறுகிறவரை வெயிலும் அவளும்தான். ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. மேடையில் கூட வேலை செய்கிற பதினொரு பொம்பளைகள் பார்த்திருக்கத் தனியாக எப்படிக் குடிப்பது என்று ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றிவிட்டு, காலிக் கேனோடு திரும்பி வந்தாள்.

இப்படி யோசனையில் அவள் நின்ற நேரத்தில்தான் ரோஜாவின் புருஷன் பாலகுரு உள்ளே வந்தார். வெடி ஆபீசில் மருந்து கலக்குகிறவர். அந்த வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால், ஊரே வேலையில் இருக்கும்போது அவர் வீட்டில் இருப்பார். முழங்கைவரை அலுமினியப் பவுடர் ஒட்டிச் சாம்பல் நிறத்தில் மின்னியது. கை கழுவக் கொல்லைப்பக்கம் போக வேண்டியவர், டம்ளர்களைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எறும்பு கெடக்கு தாயி" என்று சொல்லி, மிஷின் தண்ணீருக்குள் விரலை விட்டு எறும்பை எடுத்துத் தரையில் விட்டார். அது பிழைத்து நடந்துபோவதையும் பார்த்தார்.

பாண்டிச்செல்வி அதைக் கவனித்தாளே தவிர, அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கம்பிகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டாள்.

குழாய்த் தண்ணீர் வழக்கம்போலக் கலங்கத் தொடங்கியது. மிஷின் தண்ணீர் அதைவிட வேகமாகக் கலங்கியது. கம்பியிலிருந்து நூல்நூலாகப் பச்சை இறங்கி, நுரை கட்டி, ஒரு நிமிடத்துக்குள் டம்ளர் முழுக்கப் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகியது. பக்கத்து டம்ளர் அதற்கு எவ்வளவோ தேவலை.

ரோஜா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒங்க தண்ணி எங்க தண்ணிக்கு மேல இருக்கும்போல, மதினி."

"அண்ணாச்சி வெரல விட்டாகள்ல, அதான்" என்று பாண்டிச்செல்வி அவசரமாகச் சொன்னாள். "கையில இருந்த அழுக்கு."

பாலகுரு கோபப்படவில்லை. தன் விரலை ஒருமுறை பார்த்தார், டம்ளரை ஒருமுறை பார்த்தார்.

"என் கையில இருக்கது வெடியுப்பும் அலுமினியமும். ரெண்டும் சேந்தா சாம்பல் நெறம், இந்தா பாரு. இந்தப் பழுப்பு எங்கேருந்து தாயி வந்துச்சு? பதினாறு வருசமா மருந்து கலக்குறேன். எதோட எது சேந்தா என்ன நெறம் வரும்னு பாக்கதுதான் எனக்குப் பொழப்பு. இது துருதான்."

அவராகவே ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அலுமினியக் கம்பிகள் அப்படியே இருந்தன. இரும்புக் கம்பிகள் இரண்டும் நுனியில் மெலிந்து ஒட்டிப்போயிருந்தன.

"இது ஏன் தேஞ்சிருக்கு?"

"பழசாகிருச்சு, அண்ணாச்சி. மாத்தணும்."

"இதுக்கு முன்னாடி மாத்திருக்கியா?"

மூன்று தடவை மாற்றியிருந்தாள். ஏஜென்சியில் பொட்டலமாகக் கொடுப்பார்கள், இவளும் வாங்கி மாட்டிக்கொள்வாள். அந்த இரும்பெல்லாம் எங்கே போனது என்று எட்டு மாதத்தில் ஒருநாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"தண்ணிக்குள்ள இருந்த அழுக்கு வெளிய வருதுன்னா கம்பி எதுக்குத் தாயி தேயணும்?" என்று கேட்டுவிட்டு, பாலகுரு கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அவருக்கு அது ஒரு சின்னச் சந்தேகம். கேட்டார், மறந்தும் போயிருப்பார்.

பாண்டிச்செல்வியால் மறக்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்தவள் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. தன் ஊரான அச்சங்குளத்துக்கு வரும் வழியெல்லாம் காய்ந்த கரிசல். வேலிமரங்களுக்கு ஊடே தகரக் கூரை போட்ட வெடி ஆபீசுகள். ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினாள், எதற்கு நிறுத்தினோம் என்று தெரியாமல் மறுபடி கிளப்பினாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரிலும் மிஷின் தண்ணீரையே பிடித்தாள். பாலகுரு விரலில் இருந்ததும் ஒரு உப்புத்தானே என்று, ஒன்றில் ஒரு சிட்டிகை சோற்றுப்பு போட்டுக் கலக்கினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

உப்புப் போடாதது தெளிவாகக் கிடந்தது. உப்புப் போட்டது கறுத்துவிட்டது. தினமும் சோற்றில் போட்டுத் தின்கிற உப்பு.

அவள் ஏஜென்சி முதலாளி மணிகண்டராஜுக்குப் போன் போட்டாள். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற குடும்பம். இந்த மிஷின் வியாபாரம் அவருக்குப் பக்கத் தொழில்.

"ஏம்மா, இது ஒரு பெரிய விசயமா?" என்று அவர் சிரித்தார். "சுத்தமான தண்ணியில கரண்டு ஓடாது. உப்பு இருந்தா ஓடும். ஓடுச்சுன்னா இரும்பு கரையத்தான் செய்யும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே சார். அழுக்குன்னுல்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வாரேன்."

"அது நீ சொல்றது. நான் எழுதிக் குடுத்த தாள எடுத்துப் பாரு. 'வித்தியாசத்தை நீங்களே பாருங்க'ன்னுதான் இருக்கு. எங்கேயாவது அழுக்குன்னு போட்டிருக்கா?"

தாளை எடுத்துப் பார்த்தாள். போட்டிருக்கவில்லை. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை.

"நம்ம மிஷினு நல்ல மிஷினுதான். நீ கண்டதையும் போட்டுக் கொழப்பிக்காத. நாளைக்குப் பத்து மணிக்கு விஸ்வநத்தத்துல காளிராஜ் அண்ணாச்சி ஆபீஸ். அவுக கம்பெனி மொத்தத்துக்கும் ஆர்டர். டெமோ நீதான் பண்ணணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் கருப்பம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாண்டிச்செல்வி பெட்டியோடு அடுத்த தெருவுக்கு ஓடினாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது மூத்தவள் பத்து வயது மூத்தவளாகத் தெரிந்தாள். கையில் ஊசி குத்திய இடம் கன்றிப்போயிருந்தது.

"அக்கா, இங்க பாரு. ரெண்டும் ஒன் மிஷின் தண்ணிதான். நீயே பிடிச்சுக் குடு. இதுல மட்டும் உப்புப் போடுறேன், ஒன் வீட்டு உப்புதான்." ஸ்விட்சைப் போட்டாள். "பாத்தியா? கறுக்குதா? இது அழுக்கு இல்லக்கா. இந்தக் கம்பி கரையுது, அம்புட்டுத்தான். கம்பெனித் தண்ணியிலயும் இதான் நடந்துச்சு. அது போர்த் தண்ணி, உப்பு இருக்கும். நான்தான் விவரம் இல்லாம ஒன்னயப் பயங்காட்டிட்டேன்."

கருப்பம்மாள் இரண்டு டம்ளர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் என் கண்ணு முன்னாடி காட்டுன" என்றாள். "கறுத்துச்சு. வெசம்னு சொன்ன, நம்புனேன். இன்னைக்கும் என் கண்ணு முன்னாடிதான் காட்டுற. இதுவும் கறுத்திருக்கு. வெசம் இல்லங்குற. அதே பெட்டி, அதே நீ. இதுல நான் எதட்டி நம்ப?"

பாண்டிச்செல்வி ஸ்விட்சை அணைத்தாள்.

"நான் மட்டுமா. மேடையில அத்தன பேர்ட்டயும் என் தங்கச்சி சொன்னாள்னு சொல்லிருக்கேன். உப்புத் தண்ணி குடிச்சாத்தான் கல்லு வரும்னு வேற சொல்றாக."

"குடிக்காததாலதான் கல்லுன்னு டாக்டர் சொன்னாருல்ல."

"டாக்டரு வந்து என் மேடையிலயா நிக்காரு? நாளைக்கு வேலைக்குப் போகணும். படுக்க விடு."

"நாளைக்கேவா?"

"படுத்துக் கெடந்தா மட்டும் கல்லு எறங்கிருமா?"

அன்று இரவு பாண்டிச்செல்விக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டு படுத்தாள், எழுந்து உட்கார்ந்தாள், குடத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பெட்டியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டலாம், நூறு தடவை காட்டலாம். காட்டக் காட்ட அக்கா நம்பமாட்டாள். காட்டினால் நம்புவார்கள் என்கிற அந்த ஒன்றைத்தான் அவள் எட்டு மாதமாக வீடுவீடாகச் செலவழித்துத் தீர்த்திருந்தாள். தன்மீது வந்த எரிச்சலில் தலையணையை ஒரு குத்துக் குத்தினாள்.

காலையில் விஸ்வநத்தத்துக்குப் போகவில்லை. அக்கா ஏறிய கம்பெனி வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டியை விட்டாள்.

அந்தக் கேட்டுக்குள் இனிமேல் கால் வைப்பதில்லை என்று அவள் வீம்பாகச் சொல்லிவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பதினொரு வருஷம் அங்கே பூச்சட்டிக்கு மருந்து அடைத்தவள். அடுத்த அறையில் தீப்பிடித்து, இவள் தலைமுடி மட்டும் கருகித் தப்பித்த மறுநாளே நின்றுகொண்டாள். போர்மேன் ஆண்டிச்சாமி அவளைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன செல்வி, வழி தெரியாம வந்துட்டியா?"

"மேடையில அக்காவப் பாக்கணும் அண்ணாச்சி. அஞ்சு நிமிசம்."

"போன இங்கன வையி. அது என்ன பெட்டி?"

"தண்ணி பாக்குற பெட்டி."

"கரண்டுச் சாமானா? நீ இங்கன இருந்தவ, ஒனக்குத் தெரியாதா? அப்படியே உள்ள விட்டாலும் சொருகுறதுக்கு எங்க பிளக்கு இருக்கு?"

உண்மைதான். மருந்து இருக்கிற அறைகளுக்குக் கரண்டு கிடையாது. எட்டு மாதமாக அவள் நம்பி வாழ்ந்த பெட்டி கேட்டுக்கு வெளியே மேசையில் உட்கார்ந்துகொண்டது. அது இல்லாமல் கை வெறுமையாக இருந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தொட்டித் தண்ணிய யாராவது பரிசோதிச்சுப் பாத்திருக்காகளா?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்க அனுப்புறோம். தாளு அந்தா ஆபீஸ் சொவத்துல தொங்குது. யாரு படிக்கா?"

அவள் போய்ப் படித்தாள். உப்புக் கொஞ்சம், சுண்ணாம்புக் கொஞ்சம், கிருமி இல்லை, குடிக்கத் தகுந்தது. இரண்டு தடவை படித்தாள். தூசி படிந்த அந்தத் தாளில் யாரும் கறுத்த டம்ளர் எதையும் வரைந்து வைத்திருக்கவில்லை. அப்புறம் யார் பார்ப்பார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். வழியில் தரையில் ஊன்றியிருந்த கம்பத்தின் செப்புத் தகட்டைப் பழக்கத்தில் தொட்டாள். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்தது, கை மறக்கவில்லை.

மேடையில் சங்குச்சக்கரங்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மணி பத்து தாண்டியிருந்தது. டீ நேரத்துக்குப் பன்னிரண்டு பொம்பளைகளும் வேப்பமர நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். கருப்பம்மாளின் பாட்டில் காலியாகிப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அவள் உதடு வெடித்திருந்தது. மரத்தடியிலேயே தொட்டித் தண்ணீர் நிரப்பிய நீல டிரம் இருந்தது. அதன் மூடிமேல் கவிழ்த்து வைத்த செம்பில் தூசி.

"நீ எங்க இங்க?" என்றாள் கருப்பம்மாள்.

பாண்டிச்செல்வி செம்பைக் கழுவி நிறைய மொண்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாந்து செம்பைத் தூக்கினாள்.

கை நின்றுவிட்டது.

இதே டிரம்மில் பதினொரு வருஷம் குடித்தவள். கரைந்தது கம்பி என்று நேற்று தன் கண்ணாலேயே பார்த்தவள், தாளைப் படித்துவிட்டு வந்தவள். ஆனாலும் செம்புக்குள் அந்தக் கறுப்புத்தான் தெரிந்தது. எத்தனை வீட்டு டம்ளர், எத்தனை நாள். குமட்டிக்கொண்டு வந்தது. மிஷின் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளும் மிஷின் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கருப்பம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒனக்கே தொண்டையில எறங்க மாட்டேங்குல்ல" என்றாள்.

பாண்டிச்செல்வி செம்பைத் தாழ்த்தினாள். கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"எறங்கலதான்க்கா. ஒங்களப் பயங்காட்டுறதா நெனச்சு என்னயவே பயங்காட்டி வச்சிருக்கேன். பொய்யின்னு தெரிஞ்ச பெறகும் உள்ள இருந்து போக மாட்டேங்கு. நான் சொன்னேன்னுதான நீ குடிக்காம கெடந்த. நான் சொன்னேன்னுதான ஒன் கிட்னி இப்படிக் கெடக்கு. இப்பம் நான் சொல்றத நீ நம்ப வேண்டாம். பாத்துக்கிட்டு மட்டும் இரு."

மறுபடி அண்ணாந்தாள். முதல் மடக்கு தொண்டையில் நின்றது. கண்ணை இறுக்கி மூடி விழுங்கினாள். இரண்டாவதும் மூன்றாவதும் கழுத்தில் பாதி வழிந்தன. அதற்கப்புறம் தண்ணீர் தன்னால் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். "நாளைக்கும் வாரேன். மழ பெய்ற வரைக்கும் தெனம் வந்து ஒன் முன்னாடி குடிக்கிறேன்."

கேட்டுப் பக்கமிருந்து ஆண்டிச்சாமி சத்தம் கொடுத்தார்.

"ஏ செல்வி, ஒன் போனு விடாமக் கத்துது. மணிகண்டராஜ்னு வருது."

"கத்தட்டும் அண்ணாச்சி."

கருப்பம்மாள் எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, தங்கச்சியின் கையிலிருந்து செம்பை வாங்கினாள். டிரம்முக்குள் விட்டு அரைச் செம்பு மொண்டாள். கொஞ்ச நேரம் அதற்குள் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, நிறுத்தாமல், மடக்கு மடக்காகக் குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"உப்புக் கரிக்குது" என்றாள்.

"கரிக்கத்தான் செய்யும்" என்றாள் பாண்டிச்செல்வி.

கருப்பம்மாள் மறுபடி குனிந்து, இந்தத் தடவை செம்பு நிறைய மொண்டாள்.